அழித்த கோடு ஏன் திரும்ப வருகிறது? வேர்டு, லிப்ரே ஆபீஸ் டேபிள் பார்டர்கள் இயங்கும் விதம்

ரிப்போர்ட் ரெடி. மெயில் அனுப்புவதுதான் பாக்கி. கடைசியாக ஒருமுறை புரட்டும்போது டேபிளில் ஒரு கோடு மட்டும் தடிமனாகத் தெரிகிறது. அந்த செல்லை செலக்ட் செய்து கோட்டை எடுக்கிறீர்கள். போகவில்லை. மறுபடி எடுக்கிறீர்கள். திரையில் போய்விட்டது, பிடிஎஃப்பில் அப்படியே நிற்கிறது. அதைச் சரி செய்யப் போனால் பக்கத்தில் இருந்த வேறொரு கோடு காணாமல் போகிறது. பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

'ஒரு கோட்டுக்கா இவ்வளவு?' என்று தோன்றலாம். ஆனால் டேபிளில் கோடு சும்மா அழகுக்கு இருப்பதில்லை. எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, எது தனித்தொகை, எது மொத்தம் என்பதைப் படிப்பவருக்கு அதுதான் காட்டுகிறது. 'மொத்தம்' வரிசைக்கு மேலே இருக்க வேண்டிய கோடு ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டால், அவசரத்தில் படிப்பவர் கடைசித் தொகையைக் கூட்டுத்தொகை என்று எடுத்துக்கொள்ளலாம். கொட்டேஷன், பட்ஜெட், ஆய்வறிக்கை என எதுவானாலும் அந்தத் தவறு உங்கள் பெயரில்தான் நிற்கும்.

இந்தக் கோடுகள் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை? எப்படிக் கேட்க வைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

வித்துராவில் சந்திக்கும் மூன்று வகை டேபிள்கள்

திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போயிருப்பவர்களுக்கு வித்துரா தெரிந்திருக்கும். நகரத்தில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். இங்குள்ள மருதமலையில்தான் 2008-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. நம்ம கோயம்புத்தூர் மருதமலை இல்ல, அதே பெயரில் கேரளத்தில் இருக்கும் இன்னொரு மலை.

டேபிள் பார்டர் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இந்த ஊர் ஒரு நல்ல உதாரணம். ஏனென்றால் மூன்று வகையான டேபிள்கள் இங்கே ஒரே சுற்றுவட்டாரத்தில் புழங்குகின்றன.

முதலாவது, பள்ளிக்கூட டேபிள். கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-ல் தொடங்கியது. 2017-ல் அது 'கைட்' என்ற நிறுவனமாக மாறியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிள்ளைகள் லினக்ஸ் கணினியில், லிப்ரே ஆபீஸில்தான் டைப் செய்யப் பழகுகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களைத் தவிர்த்ததால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் கைட் கணக்கு சொன்னது.

இரண்டாவது, ஆய்வகத்து டேபிள். பொதுவாக இயற்பியல், கணிதம் படிப்பவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை லேடெக்கில் எழுதுவார்கள். உயிரியல், வேதியியல் பக்கம் வேர்டு அதிகம். லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளுக்கும் திருவனந்தபுரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. டெக் பயன்படுத்துவோரின் சர்வதேச மாநாடு 2002-லும் 2011-லும் இங்குதான் நடந்தது.

மூன்றாவது, ஆபீஸ் டேபிள். டெக்னோபார்க் கம்பெனிகளில், வங்கிகளில், ஆடிட்டர் அலுவலகங்களில் எல்லாம் வேர்டு ஃபைல்தான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற பலருக்கும் தினசரி சோறு போடுவது அதுதான்.

ஒரே ஃபைல் இந்த மூன்று உலகங்களுக்கும் இடையே பயணம் செய்யும்போது முதலில் சிதைவது டேபிளின் கோடுகள். எழுத்துகள் பத்திரமாகப் போய்ச் சேரும், எண்கள் போய்ச் சேரும், கோடுகள் மட்டும் வழியில் எங்கோ தொலையும். சென்னையிலோ, பெங்களூருவிலோ, சிங்கப்பூரிலோ நீங்கள் வேலை பார்த்தாலும் கதை இதுதான்.

திரையில் தெரிவதெல்லாம் கோடு கிடையாது

முதலில் ஒரு அடிப்படையான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டேபிளில் இரண்டு வகைக் கோடுகள் இருக்கின்றன.

ஒன்று பார்டர். இது பிரிண்டில் வரும், பிடிஎஃப்பில் வரும். இன்னொன்று வழிகாட்டிக் கோடு. 'இங்கே ஒரு செல் இருக்கு' என்று டைப் செய்பவருக்கு மட்டும் காட்டுவது. பேப்பரில் வராது.

வேர்டில் இதன் பெயர் கிரிட்லைன்ஸ். டேபிளுக்குள் கர்சரை வைத்தால் மேலே வரும் லேஅவுட் டேபில் 'வியூ கிரிட்லைன்ஸ்' என்று இருக்கும். அதை ஆன் செய்தால் மெல்லிய விட்டுவிட்டு வரும் கோடுகளாகத் தெரியும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வியூ மெனுவில் 'டேபிள் பவுண்டரீஸ்' என்று இருக்கும்.

எக்செல்லில் இருந்து காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போது கோடுகள் வராமல் போவதற்கும் இதுதான் காரணம். எக்செல் திரையில் நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறக் கட்டங்கள் எல்லாம் வழிகாட்டிக் கோடுகள். அங்கே நீங்களாகப் பார்டர் போட்டிருந்தால் மட்டுமே இங்கே பார்டர் வரும்.

ஆக, ஒரு கோடு சந்தேகமாக இருந்தால் முதல் வேலை பிரிண்ட் பிரிவியூ பார்ப்பது. அங்கே தெரிந்தால் அது பார்டர். தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்க, அது யாருக்கும் தொந்தரவு தராது.

ஒரு கோட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கும் பொதுச்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர் யாருடையது? இடது வீட்டுக்காரரும் 'என்னுது' என்பார், வலது வீட்டுக்காரரும் 'என்னுது' என்பார். டேபிளில் இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் கோடும் அப்படித்தான்.

வேர்டில் ஒரு கோட்டைப் பற்றிய உத்தரவு மூன்று இடங்களில் இருந்து வரலாம்.

முதலாவது, டேபிள் ஸ்டைல். நீங்கள் புது டேபிள் போட்டதும் நாலு பக்கமும் கறுப்புக் கோடு வருகிறதே, அது 'டேபிள் கிரிட்' என்ற ஸ்டைல் தருவது. கோட்டின் தடிமன் அரை பாயிண்ட். ஒரு அங்குலத்தில் 72 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், அரை பாயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று புரியும்.

இரண்டாவது, அந்தக் குறிப்பிட்ட டேபிளுக்கு நீங்கள் கொடுத்த உத்தரவு. மேல், கீழ், இடது, வலது, உள்ளே குறுக்கு, உள்ளே நெடுக்கு என்று ஆறு வகைக் கோடுகள் இதில் உண்டு.

மூன்றாவது, தனித்தனி செல்லுக்குக் கொடுத்த உத்தரவு.

மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன ஆகும்? டாக்எக்ஸ் ஃபார்மட்டின் விதிகளில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே இருக்கிறது. டேபிளின் கோடும் செல்லின் கோடும் மோதினால் செல்லின் கோடு ஜெயிக்கும். இரண்டு பக்கத்து செல்கள் மோதினால், கோட்டின் வகையைப் பொறுத்து ஒரு எடை கணக்கிடப்படும். எடை அதிகமான கோடுதான் தெரியும். ஒற்றைக் கோட்டை இரட்டைக் கோடு வெல்லும். இரண்டும் ஒரே வகை என்றால் அடர்த்தியான நிறம் உள்ளது ஜெயிக்கும்.

அழித்த கோடு திரும்ப வருவதன் மர்மம் இதுதான். உங்கள் செல்லில் இருந்த கோட்டை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆனால் பக்கத்து செல் தன் பங்குக்கு ஒரு கோடு வைத்திருந்தால் அது அங்கேயே நிற்கும். குறிப்பாக வேறொரு ஃபைலில் இருந்து காப்பி செய்து ஒட்டிய வரிசைகளில் இது அடிக்கடி நடக்கும்.

தீர்வு சுலபம். ஒரு செல்லை மட்டும் செலக்ட் செய்யாமல், கோட்டின் இரண்டு பக்கமும் உள்ள செல்களைச் சேர்த்து செலக்ட் செய்யுங்கள். பிறகு பார்டர்ஸ் மெனுவில் 'இன்சைடு' கோடுகளை எடுங்கள். பொதுச்சுவரை இடிக்க இரண்டு வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும்.

லிப்ரே ஆபீஸில் கதை கொஞ்சம் வேற

லிப்ரே ஆபீஸ் இதே பிரச்சினையை வேறு மாதிரி கையாள்கிறது. ஓடிடி ஃபைலில் பார்டர் என்பது ஒவ்வொரு செல்லின் சொத்து. புதிதாக டேபிள் போடும்போது, ஒரு கோட்டை இரண்டு செல்களும் வரைந்துவிடக் கூடாது என்பதற்காக ரைட்டர் ஒரு பங்கீடு செய்கிறது. பொதுவாக ஒவ்வொரு செல்லும் தன் இடது கோட்டையும் கீழ்க் கோட்டையும் வைத்துக்கொள்ளும். மேல் கோடு முதல் வரிசைக்கு மட்டும். வலது கோடு கடைசி நெடுவரிசைக்கு மட்டும்.

இதனால் என்ன ஆகிறது? மூன்றாவது வரிசையின் தலைக்கு மேலே நீங்கள் பார்க்கும் கோடு உண்மையில் இரண்டாவது வரிசையின் கீழ்க் கோடு. மூன்றாவது வரிசையை மட்டும் செலக்ட் செய்து மேல் கோட்டைத் தேடினால் 'இங்க ஒன்னும் இல்லையே' என்று இருக்கும். அதே காரணத்தால், முதல் வரிசையை நீக்கும்போது டேபிளின் மேல் கோடும், கடைசி நெடுவரிசையை நீக்கும்போது வலது ஓரக் கோடும் சில நேரம் சேர்ந்தே போய்விடும்.

இது கோளாறு இல்லை, பங்கீடு அப்படி. ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்த முறை தேடி அலைய வேண்டியதில்லை. வரிசையை நீக்கிய பிறகு முழு டேபிளையும் செலக்ட் செய்து வெளிக்கோட்டை மறுபடி ஒருமுறை போட்டுவிட்டால் போதும்.

ஃபைல் ஊர் மாறும்போது என்ன நடக்கிறது?

லிப்ரே ஆபீஸின் ஓடிஎஃப் 2006-ல் ஐஎஸ்ஓ தரநிலை ஆனது. வேர்டின் டாக்எக்ஸ் அடங்கிய ஃபார்மட் 2008-ல் ஆனது. இரண்டுமே வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டவைதான். ஆனால் இரண்டின் சிந்தனையும் வேறு.

வேர்டு 'இந்த டேபிள் முழுக்க உள்ளே அரை பாயிண்ட் கோடு' என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்கும். அந்த ஃபைலை லிப்ரே ஆபீஸ் திறக்கும்போது பெரும்பாலும் அந்த ஒரு வரியை ஒவ்வொரு செல்லுக்குமான தனித்தனி உத்தரவாகப் பிரித்துவிடும். மறுபடி டாக்எக்ஸ் ஆக சேவ் செய்து அனுப்பினால், தனித்தனி உத்தரவுகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

பார்வைக்கு டேபிள் பழைய மாதிரியே இருக்கும். ஆனால் வேர்டில் நீங்கள் டேபிள் ஸ்டைலை மாற்றினால் கோடுகள் அசையாது. ஏனென்றால் செல்லின் உத்தரவு ஸ்டைலை வென்றுவிடும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? அதுதான் காரணம்.

இப்படி இரண்டு மூன்று கை மாறி வந்த ஃபைலில் ஒவ்வொரு கோடாகத் துரத்த வேண்டாம். எல்லா பார்டரையும் எடுத்துவிட்டு முதலில் இருந்து போடுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

வேர்டில் சரியான வரிசையில் செய்வது எப்படி?

பார்டர் வேலையில் பாதி தலைவலி, செய்யும் வரிசை மாறுவதால் வருவது. இந்த வரிசையைப் பின்பற்றிப் பாருங்கள்.

1. டேபிளின் இடது மேல் மூலையில் நாலு பக்க அம்புக்குறியோடு ஒரு சின்னப் பெட்டி தெரியும். அதைக் கிளிக் செய்தால் முழு டேபிளும் செலக்ட் ஆகும்.

2. 'டேபிள் டிசைன்' டேபில் 'பார்டர்ஸ்' மெனுவைத் திறந்து 'நோ பார்டர்' கொடுங்கள். எல்லாக் கோடும் போய்விடும். பயப்பட வேண்டாம், 'வியூ கிரிட்லைன்ஸ்' ஆனில் இருந்தால் செல்கள் எங்கே என்று தெரியும்.

3. இப்போது கோட்டின் வகை, தடிமன், நிறம் மூன்றையும் முதலில் தேர்ந்தெடுங்கள்.

4. அதன் பிறகுதான் எந்தப் பக்கம் கோடு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறினால்தான் சிக்கல். பலரும் முதலில் கோடு போட்டுவிட்டு, பிறகு தடிமனை மாற்றிவிட்டு, 'ஏன் மாறலை?' என்று பார்ப்பார்கள். தடிமன் என்பது பேனாவை மாற்றுவது மாதிரி. ஏற்கனவே எழுதிய எழுத்து, பேனாவை மாற்றினால் மாறாது. மறுபடி எழுதத்தான் வேண்டும்.

'பார்டர்ஸ் அண்ட் ஷேடிங்' பெட்டியைத் திறந்து வேலை செய்பவர்கள் வலது கீழ் மூலையில் உள்ள 'அப்ளை டு' என்பதைக் கட்டாயம் பாருங்கள். அங்கே டேபிள், செல், பாராகிராஃப், டெக்ஸ்ட் என்று நாலு வாய்ப்புகள் வரும். தெரியாமல் பாராகிராஃப் என்று இருந்துவிட்டால், செல்லுக்குள்ளே எழுத்தைச் சுற்றி இன்னொரு பெட்டி வந்துவிடும். செல் பார்டரை எத்தனை முறை எடுத்தாலும் அது போகாது, ஏனென்றால் அது செல்லின் கோடே கிடையாது.

கோடுகள் எல்லாம் இரட்டையாகத் தெரிகிறதா? டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, செல்களுக்கு நடுவே இடைவெளி விடும் வாய்ப்பு டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி விட்டால் பொதுச்சுவர் இரண்டு தனிச்சுவர் ஆகிவிடும். டிக்கை எடுத்தால் சரியாகிவிடும்.

லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸில் எப்படி?

லிப்ரே ஆபீஸில் முழு டேபிளையும் செலக்ட் செய்து, டேபிள் மெனுவில் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'பார்டர்ஸ்' டேபுக்குப் போங்கள். மேலே தயாராக உள்ள வடிவங்கள் இருக்கும். அதன் கீழே சின்ன மாதிரிக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் ஓரங்களைக் கிளிக் செய்தால் கோடு மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த மாதிரிக் கட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு. கறுப்பாக இருந்தால் கோடு போடும். வெள்ளையாக இருந்தால் கோட்டை எடுக்கும். சாம்பல் நிறத்தில் இருந்தால் 'இருக்கிறதை இருக்கிறபடி விடு' என்று அர்த்தம். பலர் சாம்பலைப் பார்த்து 'கோடு இல்லை' என்று நினைத்து ஓகே கொடுத்துவிடுவார்கள். கோடு அப்படியே நிற்கும். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை கிளிக் செய்து வெள்ளையாக்கிவிடுங்கள்.

அதே பெட்டியில் 'பேடிங்' என்று இருப்பது கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள தூரம். தமிழ் எழுத்துகளில் கொக்கிகளும் புள்ளிகளும் மேலும் கீழும் நீள்வதால் இதைக் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது. ஆங்கில டேபிளுக்குப் போதுமான இடம், தமிழ் டேபிளில் எழுத்து கோட்டில் இடிப்பது போலத் தெரியும்.

கூகுள் டாக்ஸில் டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் 'கலர்' பகுதிக்குப் போனால் டேபிள் பார்டரின் நிறமும் தடிமனும் இருக்கும். தடிமனை 0 என்று வைத்தால் கோடு மறையும். சிலர் கோட்டுக்கு வெள்ளை நிறம் கொடுத்து மறைப்பார்கள். அது வேண்டாம். செல்லுக்குப் பின்னணி நிறம் கொடுத்த உடனே அந்த வெள்ளைக் கோடு பல்லிளிக்கும்.

எத்தனை கோடு போட வேண்டும்?

இனி முக்கியமான கேள்வி. எல்லாக் கோடும் தேவையா?

ஐசர் போன்ற இடங்களில் படிக்கப்படும் ஆய்வு இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான டேபிள்களில் நெடுக்குக் கோடே இருக்காது. தலைப்பு வரிசைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, டேபிளின் முடிவில் ஒன்று. மொத்தம் மூன்று குறுக்குக் கோடுகள்தான்.

லேடெக்கில் இதற்காகவே சைமன் ஃபியர் எழுதிய 'புக்டேப்ஸ்' என்ற தொகுப்பு இருக்கிறது. அதன் கையேடு இரண்டு விதிகளை வலியுறுத்துகிறது: நெடுக்குக் கோடு போடாதே, இரட்டைக் கோடு போடாதே. உளவியல், சமூக அறிவியல் பக்கம் பரவலாகப் பின்பற்றப்படும் ஏபிஏ பாணியும் நெடுக்குக் கோடுகளைத் தவிர்க்கச் சொல்கிறது.

காரணம் எளிமையானது. எண்களை ஒரே நேர்க்கோட்டில் அடுக்கினாலே கண் அதை ஒரு தூணாகப் பார்த்துக்கொள்ளும். அதன் மேல் கோடும் போட்டால், படிப்பவரின் கண் எண்ணைப் பார்ப்பதா, கம்பியைப் பார்ப்பதா என்று தடுமாறும். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் 'மொத்தம்' வரிசைக்கு மேலே உள்ள கோட்டுக்குத் தனி மரியாதை இருக்காது.

உங்கள் அடுத்த ரிப்போர்ட்டில் இதை முயற்சி செய்யுங்கள். எல்லா பார்டரையும் எடுங்கள். டேபிளின் மேலும் கீழும் 1 பாயிண்ட் கோடு. தலைப்பு வரிசைக்குக் கீழே அரை பாயிண்ட் கோடு. 'மொத்தம்' இருந்தால் அதற்கு மேலே ஒரு அரை பாயிண்ட் கோடு. எண்களை வலது பக்கம் ஒட்டி அடுக்குங்கள். அவ்வளவுதான்.

அப்போ நெடுக்குக் கோடே கூடாதா? அப்படியும் இல்லை. நம் ஊர்க் கடைகளின் கணக்குப் பேரேட்டில் ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே கோடு அச்சடித்திருப்பார்கள். அது கையால் எழுதுவதற்கானது. விண்ணப்பப் படிவம், வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் என்று யாராவது பேனாவால் நிரப்ப வேண்டிய டேபிளுக்கு நாலு பக்கமும் கோடு வேண்டும். படிக்கும் டேபிளுக்குக் குறைவான கோடு, நிரப்பும் டேபிளுக்கு முழுக் கட்டம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிரிண்டில் நடக்கும் விபத்துகள்

டேபிள் ஒரு பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது இரண்டு பிரச்சினைகள் வரும். வெளிக்கோடு மட்டும் போட்ட டேபிளாக இருந்தால், முதல் பக்கத்தின் அடியில் கோடு இல்லாமல் திறந்து கிடக்கலாம். இரண்டாவது பக்கத்தில் தலைப்பு வரிசை இல்லாததால் எந்த எண் எதற்கு என்று தெரியாது.

தலைப்பு வரிசையை செலக்ட் செய்து, வேர்டில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுங்கள். லிப்ரே ஆபீஸில் டேபிள் ப்ராப்பர்ட்டீஸின் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' டேபில் 'ரிப்பீட் ஹெடிங்' இருக்கும். இரண்டிலுமே, ஒரு வரிசை பக்கத்தின் நடுவே இரண்டாக உடைய அனுமதிக்கும் வாய்ப்பை ஆஃப் செய்துவிடுங்கள்.

வலது ஓரக் கோடு மட்டும் பிரிண்டில் வரவில்லையா? பெரும்பாலும் டேபிள் பேப்பரை விட அகலமாகப் போயிருக்கும். வேர்டில் 'ஆட்டோஃபிட்' மெனுவில் 'விண்டோ' என்று கொடுத்தால் மார்ஜினுக்குள் அடங்கிவிடும்.

கால் பாயிண்ட் கோடும், வெளிர் சாம்பல் கோடும் லேப்டாப் திரையில் நாகரிகமாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் ஒரு ஆவணம் எத்தனை முறை ஜெராக்ஸ் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது ஜெராக்ஸில் அந்தக் கோடு இருக்காது. அரசு அலுவலகத்துக்கோ, வங்கிக்கோ போகும் ஆவணம் என்றால் அரை பாயிண்டுக்குக் குறையாத கறுப்புக் கோடே பாதுகாப்பு.

பிடிஎஃப்பில் சில கோடுகள் மட்டும் தடிமனாகத் தெரிந்தால் உடனே ஃபைலைத் திருத்த உட்காராதீர்கள். 400 சதவீதம் ஜூம் செய்து பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தால் அது திரையின் சித்துவேலை. பிரிண்டில் சரியாகவே வரும்.

ரெஸ்யூமேயில் மறைந்திருக்கும் டேபிள்

இணையத்தில் கிடைக்கும் பல ரெஸ்யூமே டெம்ப்ளேட்டுகளில் பார்டர் இல்லாத டேபிள் ஒன்று ஒளிந்திருக்கும். இடது பக்கம் போட்டோ, ஸ்கில்ஸ். வலது பக்கம் அனுபவம். பார்க்க அழகாக இருக்கும்.

ஆனால் ரெஸ்யூமேக்களைத் தானாகப் படிக்கும் மென்பொருள்களில் சில, இப்படிப்பட்ட டேபிளில் எதை முதலில் படிப்பது என்று குழம்பலாம். பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடரும் டேபிளை செல் செல்லாக, வரிசை வரிசையாகத்தான் வாசிக்கும். கோட்டை மறைத்தாலும் டேபிள் டேபிள்தான். உங்களுக்கு வந்த டெம்ப்ளேட்டில் 'வியூ கிரிட்லைன்ஸ்' ஆன் செய்து பாருங்கள். உள்ளே என்ன கட்டடம் இருக்கிறது என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். பக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றால் டேபிளுக்குப் பதில் 'காலம்ஸ்' வசதியைப் பயன்படுத்துவது நல்லது.

ஒருமுறை செய்து, பலமுறை பயன்படுத்துங்கள்

மாதாமாதம் ஒரே மாதிரி ரிப்போர்ட் அனுப்புபவரா நீங்கள்? வேர்டில் டேபிள் ஸ்டைல்ஸ் பட்டியலின் அடியில் 'நியூ டேபிள் ஸ்டைல்' இருக்கிறது. உங்கள் மூன்று கோட்டு வடிவத்தை அதில் ஒரு பெயர் கொடுத்து சேமித்துவிடலாம். தலைப்பு வரிசை, மொத்த வரிசை என்று தனித்தனியாகக் கோடு அமைக்கும் வசதியும் அதிலேயே உண்டு.

லிப்ரே ஆபீஸில் ஒரு டேபிளை உங்கள் விருப்பப்படி அமைத்துவிட்டு, டேபிள் மெனுவில் உள்ள ஆட்டோஃபார்மட் ஸ்டைல்ஸ் பெட்டியில் 'ஆட்' கொடுத்தால் அது சேமிக்கப்படும். அடுத்த டேபிளுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அனுப்பும் முன் பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

1. பிரிண்ட் பிரிவியூவில் பாருங்கள். திரையில் தெரியும் வழிகாட்டிக் கோட்டை நம்பாதீர்கள்.

2. அழியாத கோட்டுக்கு இரண்டு பக்க செல்களையும் சேர்த்து செலக்ட் செய்யுங்கள். அப்படியும் அழியாவிட்டால் அது பாராகிராஃப் பார்டரா என்று பாருங்கள்.

3. 'மொத்தம்' வரிசைக்கு மேலே உள்ள கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

4. இரண்டு பக்கம் நீளும் டேபிளில் தலைப்பு வரிசை திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

5. எதிரில் இருப்பவர் திருத்த வேண்டும் என்றால் ஒரிஜினல் ஃபைலை அனுப்புங்கள். படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் போதும். அதில் கோடுகள் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

வேர்டானாலும் லிப்ரே ஆபீஸானாலும் கோட்டின் மீது கோபப்படும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது யாருடைய கோடு? ஸ்டைலுடையதா, டேபிளுடையதா, இந்த செல்லுடையதா, பக்கத்து செல்லுடையதா? பதில் தெரிந்துவிட்டால், மிச்சம் இரண்டு கிளிக் வேலைதான்.